கண்ணாடிக்கு வைத்திருந்த எட்டுப் பேர்

1

நாகலூரை விட்டு மலாயாவுக்கு வந்து இந்தத் தையோடு எனக்கு இருபத்தோரு வருஷம் ஆகிறது. ஏற்காட்டு மலைக்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், பழைய பங்களாத் தச்சன் செல்லமுத்து எழுதுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வருகிறது. இத்தனை வருஷமாகக் கடிதங்களில் அப்படியே எழுதிப் பழகிவிட்டது. இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை.

ரப்பர் விலை விழுந்துவிட்டது. எங்கள் எஸ்டேட்டில் பாதி மரங்களில் கத்தி பட்டு மாதக்கணக்காகிறது. பால் வெட்டக் காட்டுக்குப் போகிறவர்களை முதலில் நிறுத்தினார்கள், பிறகு பால் காய்ச்சுகிறவர்களை நிறுத்தினார்கள். போன திங்கட்கிழமை தச்சன் முறை வந்தது. எட்டு நாளில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், குடும்பத்தோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறோம், ஆபீசுக்கு வந்து விவரம் எழுதிக் கொடு என்று சொன்னார்கள்.

நானும் என் சம்சாரம் நல்லம்மாளும் போனோம். ஆபீஸ் குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள்; அவர் சின்ன வயசுக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துப் படித்துத் தமிழில் கேட்டார். எந்த ஊர் என்றார். ஏற்காடு என்றேன். அவர் ஆற்காடு என்று எழுதிவிட்டார். அது வேறு ஊருங்க, நாங்கள் சேலம் ஜில்லா, மலைமேல் என்று சொல்லித் திருத்த வைத்தேன். மலைமேலா, அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று ஆச்சரியமாகக் கேட்டார். காகிதம் மூன்று பிரதி. மூன்றிலும் அடித்து அடித்து எழுதினார்.

அடுத்து, எதற்காக ஊரை விட்டு வந்தாய் என்று ஒரு கேள்வி.

பிழைப்புக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு என் மனசு இருந்த நிலைமையில் வேறு ஒன்று வந்துவிட்டது.

“ஒரு கண்ணாடி ஒடஞ்சு போச்சுங்க” என்றேன்.

கிராணி சிரித்துவிட்டு, பிழைப்பு என்று தானே எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நல்லம்மாள் சிரிக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

2

குடும்பத்துக்கு இரண்டு பெட்டி, ஒரு மூட்டை. அதற்குமேல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இருபத்தோரு வருஷத்துக் குடித்தனத்தை அதற்குள் அடக்க வேண்டும். ரப்பர் உலர்த்துகிற, இடிந்துபோன புகைக்கூண்டின் பலகைகளை எடுத்துப் பெட்டிகளை நானே செய்தேன். மரத்தில் புகை நாற்றம் போகவில்லை. துணியெல்லாம் நாறும் என்று நல்லம்மாள் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

இங்கே எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் கதிர்வேலுக்குப் பதினெட்டு வயது, பக்கத்துப் பட்டணத்தில் மோட்டார் பட்டறையில் வேலை. மகள் சரசுவுக்குப் பதின்மூன்று. சரசு பேசுகிற தமிழில் பாதி மலாய். எதற்கெடுத்தாலும் ‘சூசா’ என்பாள், தொல்லை என்று அர்த்தம். ஊருக்குப் போகிறோம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, அங்கே நான் பேசுவது அவர்களுக்குப் புரியுமா என்பது. புரியும் என்றேன். உடனே, அவர்கள் பேசுவது எனக்குப் புரியுமா என்று கேட்டாள்.

கதிர்வேலு செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வந்தான். நான் அவன் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு குனிந்து, அவனுடைய சட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

“என் பேர எழுதாதீங்கப்பா” என்றான். “அது உங்க ஊரு. அங்க எனக்கு யாரத் தெரியும்?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னான். எங்களுக்கே அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நல்லம்மாளின் அப்பாவும் அம்மாவும் அவளுடைய ஊரான கொட்டச்சேட்டில் இறந்துவிட்டார்கள். அவள் அண்ணனுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இந்தப் பெட்டிகளை எந்த வீட்டு வாசலில் போய் இறக்கப் போகிறோம் என்று தெரியாமல்தான் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பீங்கான் தட்டுகளுக்கு நடுவே லாலாங் புல்லைக் காயவைத்துத் திணித்தேன். படுக்கவைத்து அடுக்காமல் விளிம்பில் நிற்கவைத்து அடுக்கினேன். கை தானாகச் செய்தது. அந்தக் கைப்பழக்கம் வந்த கதையைத்தான் இங்கே எழுத வேண்டும். நல்லம்மாளுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததும் அந்தக் கதைதான்.

3

நாகலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் காப்பி எஸ்டேட். தண்டுக்குள் பூச்சி விழுந்து செடிகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. பிடுங்கி எரித்தார்கள், அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்கே திரும்புவது என்று முடிவானது. கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. பங்களாச் சாமான்கள் முழுவதையும் பத்து நாளில் கட்டி, சேலத்துக்குப் பக்கத்தில் சூரமங்கலம் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கட்டுகிற பொறுப்பு என்னுடையது.

ஐப்பசி மழை. வண்டிப் பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. பழைய நடைபாதை ஒன்றுதான் கதி. எல்லாமே ஆள் தலையிலும் தோளிலும்தான் இறங்க வேண்டும். கனம் குறைவாக இருக்க வேண்டும், கீழே வைக்கிறபோது அதிரக் கூடாது, நனையவும் கூடாது.

மலைமேல் வைக்கோல் ஏது? கீழேயிருந்து கொண்டுவந்தால் வருவதற்குள் ஈரமாகிவிடும், ஈர வைக்கோல் பெட்டிக்குள் பூத்துப்போய்த் தட்டில் கறை ஏறும். அதனால் காப்பிக் கொட்டையின் தொலியைச் சலித்து, இரும்புச் சட்டியில் போட்டு வறட்டி எடுத்துக்கொண்டேன். விளக்குக் கண்ணாடிகளுக்கு முதலில் உள்ளே அதைக் கொட்டி நிரப்பினேன், அப்புறம்தான் வெளியே. மேசை நாற்காலிகளைக் கழற்றி, அந்தந்த மரையாணிகளைத் துணியில் முடிந்து அந்தந்தக் காலிலேயே கட்டினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டேன். துரைசாணி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே என் பின்னால் வருவாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. எனக்கு இங்கிலீஷ் அதைவிடக் குறைவு. ஆனால் பாண்டம் உடையாமல் வைப்பதில் இரண்டு பேருக்கும் ஒரே மனசு.

எல்லாவற்றிலும் பெரிய கவலை நிலைக்கண்ணாடி. ஆள் உயரத்துக்குமேல் இருக்கும். துரையின் தாயாருக்குக் கல்யாணச் சீராக வந்தது என்று சொல்வார்கள். துரைக்கு அந்த வீட்டில் வேறு எது உடைந்தாலும் பரவாயில்லை, இது உடையக் கூடாது.

அதற்கென்று ஒரு தூக்குச் சட்டம் செய்தேன். வெளியே கனமான சட்டம், முன்னும் பின்னும் நான்கு நான்கு பேர் தோள் கொடுக்க நீளக் கம்புகள். நடுவில் குறுக்கே ஓர் உருளை. அந்த உருளையிலிருந்து கயிற்றில் உள்சட்டம் தொங்கும். தூக்குகிறவர்கள் மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே தொங்குவது தொட்டில் மாதிரி சமமாகவே நிற்கும். சுமைகாரர்களின் மேஸ்திரி கருப்பண்ணன் தன் ஆட்களில் கால் தவறாத எட்டுப் பேரைப் பொறுக்கி இதற்கென்று நிறுத்தினார். துரைசாணி நம்பவில்லை. உள்சட்டத்தில் ஒரு பலகையைப் போடச் சொல்லி, அதன்மேல் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாள். எட்டுப் பேரும் பங்களாப் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். தண்ணீர் சிந்தவில்லை. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

4

நல்லம்மாளுக்கு அது முதல் பிரசவம். சனிக்கிழமை வலி கண்டது. ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை காலை விடிந்து கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சி வெளியே வந்து, வாசலில் இருந்த தண்ணீரில் முழங்கைவரை கழுவினாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“இனி என் கையில இல்ல கண்ணு. புள்ள குறுக்க கெடக்குது. சேலத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிரு. ஆட்டாம கொண்டுபோகோணும், ஆட்டுனா ரத்தம் நிக்காது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். கோணி நனைந்திருந்தது. நல்லம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

மலையில் நோயாளியைக் கீழே இறக்க நாற்காலி டோலி உண்டு. உட்கார முடிந்தவர்களுக்குத்தான் அது. கம்பளியில் முடிச்சுப் போட்டுக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கினால் உடம்பு இரண்டாக மடியும், ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும். எனக்கு வேறு யோசனை எதுவும் வரவில்லை. பங்களா மேட்டை நோக்கி ஓடினேன்.

அன்றைக்குத்தான் கண்ணாடி இறங்குகிற நாள். துரை முந்தின நாளே சூரமங்கலத்துக்குச் சாமான் ஏற்றும் ரயில் வாகன் ஏற்பாட்டுக்குப் போய்விட்டார். பங்களா முற்றத்தில் கண்ணாடி சட்டத்துக்குள் மெத்தைகளுக்கு நடுவில் தயாராக நின்றது. எட்டுப் பேரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மழை சற்று விடட்டும் என்று காத்திருந்தார்கள். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் தலையை ஆட்டினார்.

“தொர சொல்லிப்போட்டுப் போயிருக்காருங்க. இன்னைக்குக் கண்ணாடி எறங்காட்டி எங்க எட்டுப் பேரு பொழப்பும் போயிரும். நான் என்னத்தப் பண்ணட்டும்?”

அவர் கெட்டவர் இல்லை. அந்த எட்டு வீட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் அவரோடு வாதாடவில்லை. சட்டத்தண்டை போய்க் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். யாரைக் கேட்டு அவிழ்க்கிறேன் என்ற நினைப்பே இல்லை. நானே போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை.

சத்தம் கேட்டுத் துரைசாணி வராந்தாவுக்கு வந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் தமிழும் கலந்து என்ன சொன்னேனோ. அந்த அம்மா ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

“சாகுமா?”

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி மழையில் வந்தாள். “எடு. ஆளும் கூட்டிப் போ” என்றாள். கண்ணாடியை வெளியே எடுக்கும்போது ஒரு பக்கத்தைத் தானே பிடித்தாள். சாப்பாட்டு அறைச் சுவரில் சாய்த்து வைத்தோம். இரண்டு மெத்தைகளையும் எடுத்துப் போகச் சொன்னாள். மேஸ்திரியைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எட்டுப் பேரும் எழுந்தார்கள்.

உள்சட்டத்தில் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக் கிடத்தினேன். மேலே மெத்தை. நல்லம்மாளைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மற்ற மெத்தையைச் சுருட்டி அணை கொடுத்து, மேலே கித்தான் போட்டுக் கட்டினேன். இப்படியெல்லாம் கட்டுகிறாயே, இது சாமானா என்று என் மனசுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

நாகலூரிலிருந்து ஏற்காடு வரைக்கும் பாதை பரவாயில்லை. ஏரிக்கரையைத் தாண்டி, பழைய நடைபாதையில் இறங்கியதும் மழை வலுத்தது. கல்லெல்லாம் வழுக்கல். முன்னால் நான்கு பேர் பக்கவாட்டில் கால் வைத்து இறங்க, பின்னால் நான்கு பேர் பின்னுக்குச் சாய்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் உள்சட்டத்தின் ஓரத்தில் கையை வைத்து ஆட்டத்தை அடக்கிக்கொண்டே நடந்தேன். சில இடங்களில் எனக்குக் கால் வைக்கப் பாதை இல்லை, செடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கதவு சமமாகவே நின்றது. ஆனால் அதன் விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

பாதி வழியில் நல்லம்மாளுக்கு நினைவு வந்தது.

“ஏனுங்க, இன்னும் எத்தன தூரமுங்க?”

“அடிவாரம் தெரியுது” என்றேன். எதிரே மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மண் சரிந்த இடம் ஒன்று வந்தது. பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பாதையே இல்லை, வெறும் சேறு. ஒருவனுக்குக் கால் மடங்கிப்போயிற்று. மேஸ்திரி அவனை விலகச் சொல்லிவிட்டு, அந்த வயசில் தன் தோளைக் கொடுத்தார். ஒருவர் முழங்கால்வரை சேற்றில் ஊன்றி நின்றபின் அடுத்தவர் கால் எடுப்பார். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அந்தப் பன்னிரண்டு அடியைக் கடந்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அடிவாரத்தில் மாட்டு வண்டி கிடைத்தது. ஆட்களை நிற்கச் சொல்லி, வண்டியில் மாற்றலாம் என்றேன். மேஸ்திரி வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். “வண்டி குலுக்குமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். சேலம் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அவர்கள் கீழே வைக்கவே இல்லை.

5

பெண் குழந்தை. உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். மலையிலிருந்து கிளம்பும் முன்பே போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் தாயும் போயிருப்பாள் என்றும் சொன்னார். குழந்தையை நானும் மேஸ்திரியும் கொண்டுபோய்ச் சேலத்திலேயே புதைத்தோம். நல்லம்மாள் முகம் பார்க்கவில்லை. அவளுக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று.

நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே கிடந்தேன். சட்டம் அங்கேயே சுவரோரமாக நின்றது. நான் திரும்பும்வரை கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று சுமைகாரர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனால் ரயில் வாகன் யாருக்காகவும் நிற்காது. எல்லாவற்றையும் உடனே இறக்கு என்று துரை மேலே ஆள் அனுப்பிவிட்டார். கைக்குக் கிடைத்த பலகையில் கண்ணாடியை அடித்து, ஒற்றைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு நாலு பேர் தூக்கி வந்திருக்கிறார்கள். மண் சரிந்த அதே இடத்தில் முன்னால் போனவன் சறுக்கினான்.

துரை குடும்பம் ரயிலேறும் நாளன்று சூரமங்கலம் போனேன். சாமான் கட்டுகிற வேலைக்காரன் தன் வேலைக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் வாங்கிக்கொள்வது வழக்கம். அது இருந்தால்தான் அடுத்த பங்களாவில் வாசற்படி ஏறலாம். பிளாட்பாரத்தில் அந்தப் பலகைப் பெட்டி திறந்து கிடந்தது. துரை உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, சட்டத்தையும் ஆட்களையும் யாரைக் கேட்டு எடுத்துப் போனாய் என்று கேட்டார்.

நான் துரைசாணியைப் பார்த்தேன். அந்த அம்மா தன் நோட்டைத் திறந்து பெட்டி நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அம்மாதான் எடுக்கச் சொன்னார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மழையில் இறங்கி வந்து கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்த கையை எப்படிக் காட்டிக் கொடுப்பது? அவர்களுக்குள் அதற்கு முன் என்ன நடந்திருந்ததோ எனக்குத் தெரியாது. துரையிடம் அவளுக்குப் பயம் இருந்தது என்பது மட்டும் பங்களாவில் எல்லோருக்கும் தெரியும். “நானேதாங்க எடுத்தேன்” என்றேன்.

துரை கடிதம் எழுதினார். சொல்லாமல் சாமான் எடுத்தவன் என்று மலைமேல் இருந்த மற்றத் துரைமார்களுக்கு எழுதினார். மலையில் பங்களாக்கள் சில. எல்லோரும் எல்லோருக்கும் பழக்கம். வெள்ளக்கடைப் பக்கம்வரை நடந்து பார்த்தேன். தச்சன் தேவை என்று சொன்ன இடத்தில்கூடப் பேரைச் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது. தை மாதம் மலாயாவுக்கு ஆள் எடுக்க வந்த கங்காணியிடம் எங்கள் இருவர் பேரையும் எழுதிக் கொடுத்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது நல்லம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

துரை போய்விட்டார், வேலை இல்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தேறியபின் எதற்கு என்று தோன்றியது. உன்னைத் தூக்கி வந்ததால்தான் ஊர் போயிற்று என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வருஷம் ஏற ஏற அது சொல்லக் கூடாத விஷயமாகவே ஆகிவிட்டது.

6

ஆபீசுக்குப் போய் வந்த மூன்றாம் நாள், பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தேன். நல்லம்மாள் எதிரே உட்கார்ந்து போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கண்ணாடிங்க ஒடஞ்சது?” என்றாள்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எழுதியதையெல்லாம், எழுதாத சிலவற்றையும் சொன்னேன். போர்வையின் ஓரத்தையே திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் வறண்டிருந்தது.

“புள்ளைய முழுங்குனவள்னு ஊருல என்னையப் பேசுனாங்க. அந்தப் பேச்சுக்கு அஞ்சிக்கிட்டுத்தான் நீங்க என்னைய இங்க கொண்டாந்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. எங்கம்மா செத்த காகிதம் வந்தப்பகூட, ஊருக்குப் போகோணும்னு நான் வாயத் தொறக்குல.”

ஊருக்குப் போகலாமா என்று அவள் ஒரு தடவையாவது கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்டால் துரை எழுதிய கடிதக் கதையைச் சொல்ல வேண்டிவருமே என்று பயந்துகொண்டும் இருந்தேன். அவள் கேட்காததை, அவளுக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இருபத்தோரு வருஷம் இருந்தோம். நோட்டைப் பார்த்துக்கொண்டு தலை நிமிராமல் நின்ற துரைசாணியை மனசுக்குள் எத்தனையோ முறை குற்றம் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

“சொல்லியிருக்கலாமுங்க” என்றாள். அடுத்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கதிர்வேலு வந்தபோது அவளே அவனுக்கும் சரசுவுக்கும் சொன்னாள். தங்களுக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். சரசு அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். கதிர்வேலு, அக்காவுக்கு என்ன பேர் என்று கேட்டான். பேர் வைக்கவில்லை என்றேன். இடமாவது அடையாளம் தெரியுமா என்றான். அன்றைக்குத் தெரிந்தது, இப்போது தெரியுமா என்று தெரியவில்லை என்றேன்.

இதைக் கேட்டபின் அவன் மனசு மாறி எங்களோடு வந்துவிடுவான் என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் ஆசைப்பட்டேன். அவன் மாறவில்லை. கப்பலில் கொண்டுபோக முடியாத வீட்டுத் தையல் மிஷினைப் பட்டறைக்குத் தூக்கிப் போய் வைத்துக்கொள்கிறேன் என்றான். அவன் சட்டைகளை நல்லம்மாள் ஒரு துணியில் தனியாகக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக் கொடுத்தாள். போகும்போது, ஊரில் நிலைமை சரியில்லை என்றால் எழுதுங்கள் என்றான். எழுதி என்ன செய்வான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நேற்று அவன் பேரை எடுப்பதற்காகத் திரும்பவும் ஆபீசுக்குப் போனோம். கிராணிக்கு எரிச்சல். மூன்று பிரதியையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, பிள்ளைகள் எத்தனை என்றார்.

நான் சொல்வதற்குள் நல்லம்மாள் முன்னால் வந்தாள். ஆபீசில் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“மூணுங்க” என்றாள். “ஒன்னு சேலத்துல இருக்குது. ஒன்னு இங்க இருக்குது. ஒன்னு எங்களோட வருது.”

கிராணி பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். அவர்மேல் தப்பில்லை. கப்பலேறுகிறவர்களுக்கு மட்டுமான கட்டம் அது.

நல்லம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. “எழுதிட்டாருங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

“இல்ல நல்லம்மா. ஒன்னுன்னுதான் எழுதியிருக்காரு.”

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிராணி மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். பிறகு அவள் பெருவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள்.